இரண்டாம் ஓலை

அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று அம்மா போனில் அழுதால் எந்த மகள் வராமல் இருப்பாள்? அதைத்தான் அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். நந்தனம் ஆபீஸில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து, வழியெல்லாம் செபமாலை சொல்லிக்கொண்டு ஓடி வந்தாள் பிரிஸில்லா. மாடி ஏறிப் பார்த்தால் அப்பா ராஜநாயகம் நாற்காலியில் சாய்ந்து காப்பியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சும் நன்றாக இருந்தது, காப்பியும் நன்றாக இருந்தது போலிருக்கிறது. பின்னாலேயே ஏறி வந்த அண்ணன் ஆஸ்டின் அவளுடைய கைப்பையைப் பிடுங்கிக்கொண்டான். போன் அதற்குள்தான் இருந்தது. தோளைப் பிடித்து ஓர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது, தாழ்ப்பாளின் மேல் பூட்டும் விழுந்தது.

கடத்தல் என்றால் வேன் வர வேண்டும், முகமூடி போட்டவன் வாயைப் பொத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெற்றவர்கள் செய்தால் அதற்குப் பெயரே வேறு. 'பொண்ணைக் கூட்டிட்டு வந்துட்டோம்' என்பார்கள். கேட்கிறவர்களும் 'நல்லதாப் போச்சு' என்று தலையாட்டுவார்கள்.

அது அவர்கள் குடியிருந்த வீடும் இல்லை. அவர்கள் வீடு லஸ் பக்கம். இது துபாயில் இருக்கும் சித்தப்பாவின் வீடு; அப்பாவை இங்கே படுக்க வைத்திருப்பதாகத்தான் அம்மா போனில் சொல்லியிருந்தாள். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது, மயிலாப்பூரில் அவர்களுடைய பங்குக் கோயிலுக்கு நேர் பின்னால். கத்தோலிக்கர்கள் மாதா கோயிலைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. செம்பியன் தேடி வருவான், வந்தால் லஸ் வீட்டைத் திறந்து காட்டிவிடலாம். அப்படியே நடந்தது. ஒரு போலீஸ்காரரோடு அவன் வந்தபோது ராஜநாயகம் அலமாரியைக்கூடத் திறந்து காட்டி, "நல்லாப் பாத்துக்கோ தம்பி" என்றாராம். இதை ஆஸ்டின்தான் கதவுக்கு வெளியே நின்று சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

செம்பியன் அவள் கணவன். அண்ணா சாலை ஆபீஸ்களில் ஏசி பழுது பார்க்கிறவன். அவளுடைய ஆபீஸுக்கும் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தவன்தான். அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்து, அதை இடித்தபோது பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம். கோடை தொடங்குமுன் இருவரும் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வடபழனியில் ஒற்றை அறை ஒன்றில் குடியேறினார்கள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

ராஜநாயகம் சாதாரண ஆள் இல்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். போர்த்துகீசியர் காலத்திலிருந்து இந்தப் பங்கில் இருக்கும் குடும்பம் என்பதைச் சொல்லாமல் அவர் யாருக்கும் வணக்கம்கூடச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரத்தில் மைக்கின் முன் நின்று அறிவிப்புகளை வாசிப்பவர் அவர்தான். கடவுளுக்கு முன் எல்லாரும் சமம் என்ற வாசகம் வரும் ஞாயிறுகளில் அவர் குரல் தழுதழுக்கும். அதே குரல் இப்போது கதவுக்கு வெளியே இருந்து வந்தது.

"ஆத்தோரத்துல பொறந்தவனைக் கொண்டுவந்து என் வாசல்ல நிறுத்துவியா?"

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுப்பா. கதவைத் திறங்க."

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டா அதுக்குப் பேரு கல்யாணமா? கோயில் கணக்குல உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. குவைத்ல ஃபிரெட்ரிக்னு ஒரு நல்ல பையன். அடுத்த மாசம் லீவுல வரார். கோயில்ல கல்யாண ஓலை எழுதப் போறோம்."

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இடிக்கிறவர் தன் அப்பாவாக இருப்பார், இடிபடுவது தான்தான் என்று நினைத்ததில்லை. கதவை உதைத்தாள். நாற்காலியைத் தூக்கி அடித்தாள். கை வீங்கும்வரை சுவரைத் தட்டினாள். பின்பக்கம் பங்கு மண்டபம், மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடக்கும். பக்கத்தில் ஒரு சந்து. ஒரு மனிதர் எட்டிப் பார்க்கவில்லை. 'மகளுக்கு மனசு சரியில்லை, செபம் பண்ணுங்க' என்று ராஜநாயகம் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தது அவளுக்கு அப்போது தெரியாது.

சாப்பாடு கொண்டு வருவது அம்மா. பியாட்ரிஸ் தட்டை நீட்டும்போது மகளின் முகத்தைப் பார்க்க மாட்டாள். அழுவாள், மூக்கைத் துடைப்பாள், வெளியே போய்ப் பூட்டுவாள். அந்த அழுகையைப் பார்த்தால்தான் பிரிஸில்லாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பூட்டுகிறவளுக்கு அழ என்ன உரிமை இருக்கிறது?

ஒரு மத்தியானம் அம்மா கையில் குழம்புக் கிண்ணம், இடுப்பில் போன். கிண்ணத்தைக் கீழே வைக்கக் குனிந்தபோது பிரிஸில்லா போனை உருவிக்கொண்டு குளியலறைக்குள் பாய்ந்தாள். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. கதவை முதுகால் முட்டுக் கொடுத்தபடி செம்பியனின் எண்ணை அழுத்தினாள்.

"அலோ, யாரு?"

"நான்தான்! மயிலாப்பூர்ல அடைச்சு வச்சிருக்காங்க. கோயிலுக்குப் பின்னாடி வீடு, மாடியில..."

"பிரிசி! எங்க கீற? எந்த..."

ஆஸ்டின் கதவோடு சேர்த்து அவளையும் தள்ளினான். போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அவளுக்கு அது வலிக்கவே இல்லை. சொல்லிவிட்டோமே! கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வீடு என்றால் இது ஒன்றுதான். வடபழனியிலிருந்து பைக்கில் வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அன்று மாலை கோயில் மணி அடித்தது. அவன் வரவில்லை. மறுநாளும் மணி அடித்தது. சந்தில் ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எழுந்து நின்றாள். பால்காரர், பேப்பர் போடுகிறவர், கேஸ் சிலிண்டர். மூன்றாம் நாள் கதவைத் திறந்துகொண்டு ஆஸ்டின் வந்தான். நிதானமாகக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"உன் ஆளு வந்தான்டி. நீ கூப்பிட்டல்ல, நேரா இங்கதான் வந்தான். நம்ம பசங்க அப்படியே வேன்ல தூக்கிப் போட்டுட்டாங்க. உயிரோட இருக்கான். எவ்வளவு நாளைக்குங்கறது உன் கையில."

"பொய்."

"பொய்யா? அப்ப ஏன் வரலை? நீயே யோசி."

அவள் யோசித்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. கூப்பிட்டால் வராமல் இருக்கிறவன் இல்லை செம்பியன். வந்திருக்கிறான், மாட்டிக்கொண்டான். கூப்பிட்டு மாட்டிவிட்டவள் தான். அன்று முழுக்கச் சோற்றில் கை வைக்கவில்லை. பெற்ற வீட்டின்மேல் எரிந்த கோபமெல்லாம் திரும்பித் தன் மேலேயே வந்து விழுந்தது. அதைவிடக் கொடுமை மனிதருக்கு வேறு வேண்டியதில்லை.

பங்குத்தந்தை புதியவர், இளைஞர். ஓலை எழுதும் நாளில் பெண்ணைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பது வழக்கம். கேட்டார். கதவுக்கு வெளியே நடந்துகொண்டிருந்த அப்பாவின் செருப்புச் சத்தம் உள்ளே கேட்டது.

"இந்தத் திருமணம் உங்க சொந்த விருப்பமா?"

"ஆமா ஃபாதர்."

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்ல ஃபாதர்."

கன்னத்தில் விரல் பதிந்த இடம் இன்னும் கறுத்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் ராஜநாயகம் மகளின் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பூசைக்குக்கூட விடவில்லை. ஆனால் கோயில் வாசலில் மாட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கி மயிலாப்பூர் பாதிக்குக் கேட்கும். கட்டிலில் உட்கார்ந்தபடி அவள் கேட்டாள். அப்பாவின் குரல், ஒரு பிசிறு இல்லை.

"ராஜநாயகம், பியாட்ரிஸ் இவர்களின் மகள் பிரிஸில்லாவும், குவைத்தில் பணிபுரியும் ஃபிரெட்ரிக்கும் திருமணம் செய்துகொள்ள விரும்புகின்றனர். இது முதல் ஓலை. இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

மூன்று ஞாயிறு இப்படி வாசிப்பார்கள். ஊரறியக் கேட்பதற்குப் பெயர் ஓலை. மகளைத் திருட்டுத்தனமாக அடைத்து வைத்தவருக்குக் கல்யாணம் மட்டும் முறைப்படி நடக்க வேண்டும். ஓலையை விட்டுவிடலாமே என்று ஆஸ்டின் கேட்டானாம். "நம்ம குடும்பத்துல ஓலை வாசிக்காம எவனும் கல்யாணம் பண்ணினதில்லை" என்று ராஜநாயகம் அவனை அதட்டியிருக்கிறார். தடை இருப்பதை அறிந்த முதல் ஆளே மைக்கின் முன்னால் நின்று அதை வாசிக்கிறார். வெட்கம் என்று ஒன்று இருந்தால் அந்த மைக் அவர் கையைச் சுட்டிருக்க வேண்டும்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அம்மா தலைவாரிவிட வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறார்களாம், பெண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். சிக்கெடுத்துக்கொண்டே பியாட்ரிஸ் புலம்பினாள்.

"எங்க போனாலும் நம்ம மானம் போவுது. அந்தப் பையன் பண்ற கூத்தைக் கேட்டியா? மாட வீதி நாலும் உன் போட்டோவைத் தூக்கிட்டுத் திரியறானாம். பூக்காரிங்க, தேங்காய்க் கடை, செருப்புப் பாத்துக்கறவங்க, ஒருத்தர் விடலையாம். கோயிலுக்குப் பின்னாடி மாடி வீடு எது, மாடி வீடு எதுன்னு. நம்ம சோஃபியா டீச்சரையே நிறுத்திக் கேட்டிருக்கான். அவ எங்கிட்ட வந்து சொல்றா, எனக்குத் தலை காட்ட முடியலை."

பிரிஸில்லாவின் கழுத்து விறைத்தது.

"எப்பம்மா?"

"நேத்து சாயங்காலம்தான். கபாலி கோயில் குளத்துப் படியிலேயே படுத்துக் கெடக்கறானாம், பைத்தியம் மாதிரி."

நேற்று. வேனில் தூக்கிப் போட்டுவிட்டதாக ஆஸ்டின் சொன்ன ஆள் நேற்றுச் சாயங்காலம் குளத்துப் படியில் இருக்கிறான். கோயில்! அவனோடு பேசும்போதெல்லாம் அவள் சர்ச் என்றுதான் சொல்வாள். பதற்றத்தில் வீட்டுச் சொல் வாயில் வந்துவிட்டது. மயிலாப்பூரில் நின்றுகொண்டு கோயில் என்றால் ஊரில் யாராக இருந்தாலும் கோபுரத்தைப் பார்த்துத்தான் ஓடுவான். ஓடியிருக்கிறான், இன்னும் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறான். நடந்தால் பத்து நிமிஷம்கூட ஆகாத தூரத்தில் ஒரு மனிதன் வீடு வீடாகத் தட்டிக்கொண்டிருக்கிறான். தான் இங்கே அவனை மாட்டிவிட்டதாக நினைத்து 'ஆமா ஃபாதர்' சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்பனும் மகனும் சேர்ந்து சோடித்த பொய். பொம்பளைகளிடம் எதற்கு இதெல்லாம் என்று அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் எந்த முடிவையும் பெண்களிடம் சொல்லிப் பழக்கமில்லை. அந்தப் பழக்கமே இப்போது அவர்கள் காலை வாரிவிட்டது.

கத்தத் தோன்றியது. அம்மாவின் கையிலிருக்கும் சீப்பைப் பிடுங்கி உடைக்கத் தோன்றியது. உதட்டைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"ஜடையைக் கொஞ்சம் இறுக்கிப் பின்னும்மா" என்றாள். "ஞாயித்துக்கிழமை நல்லாத் தெரியணும்ல."

பியாட்ரிஸ் மகளின் உச்சந்தலையில் முத்தமிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டுப் புடவையோடு அவளைப் பெண்கள் பக்கம் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் அம்மா, அம்மாவுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா. ஆஸ்டின் நடுப்பாதைக்கு அந்தப் பக்கம், ஆண்கள் வரிசையில். வெளியே வாசலில் அவன் கூட்டாளிகள் இருவர் பைக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஓடினால் பிடிப்பதற்கு. அவள் ஓடுவதாக இல்லை. நற்கருணைக்கும் போகவில்லை.  இதைத் தவறவிட்டால் அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. பிறகு தாலி.

ராஜநாயகம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மைக்கின் முன் வந்து நின்றார். "ராஜநாயகம், பியாட்ரிஸ் இவர்களின் மகள்..." என்று தொடங்கினார். "இது இரண்டாம் ஓலை. இத்திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள்..."

பிரிஸில்லா எழுந்து நின்றாள். "எனக்குத் தெரியும் ஃபாதர்" என்றாள். "தடை இருக்கு."

அந்தக் கோயிலில் எத்தனை தலைமுறையாக ஓலை வாசிக்கிறார்களோ தெரியாது, அதற்கு ஒருவரும் பதில் சொன்னதில்லை. பதில் சொல்வதற்காகத்தான் அது வாசிக்கப்படுகிறது என்பதே எல்லாருக்கும் மறந்து போயிருந்தது. ராஜநாயகம் தாளைப் பார்த்தார்.

"அடுத்து, புதன்கிழமை மாலை அன்பியக் குழுக்களின் செபக் கூட்டம் நடைபெறும்" என்று வாசித்தார்.

அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பிரிஸில்லா அதை உதறிக்கொண்டு நடுப்பாதையில் இறங்கி நேரே நடந்தாள். பீடத்துப் படியில் கால் வைத்தபோது ராஜநாயகம் மைக்கைக் கையால் பொத்தினார்.

"இடத்துக்குப் போ, ப்ரிஸி. அவன் உயிர் எங்க கையில இருக்கு."

"அவர் கபாலி கோயில் குளத்துல இருக்காருப்பா. அம்மா சொன்னாங்க."

ராஜநாயகம் பியாட்ரிஸ் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் தலைமையாசிரியர் தலைமையாசிரியர்தான். கையை எடுத்துவிட்டு மைக்கில் சொன்னார்: "மன்னிக்க வேண்டும். மகளுக்கு மனநிலை சரியில்லை. எல்லாரும் அவளுக்காகச் செபியுங்கள்."

செபித்தார்கள்! அதைத்தான் பிரிஸில்லாவால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்தன. அவளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த சோஃபியா டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கன்னத்தில் கறுப்பு இன்னும் போகாத ஒரு பெண் கத்திக்கொண்டு நிற்கிறாள், அவளைப் பார்க்காமல் இருக்க ஒரு கோயில் முழுக்கக் கண்ணை மூடுகிறது.

பங்குத்தந்தை எழுந்து வந்தார். "பூசை முடியட்டும்மா. ஆபீஸ்ல உக்காந்து பேசலாம்."

"ஆபீஸ்ல உக்காந்துதான் ஃபாதர் உங்ககிட்ட பொய் சொன்னேன். என் கன்னத்தைப் பாத்தீங்க. பாத்துட்டுத்தானே எழுதினீங்க?"

அவர் கையை நீட்டி ராஜநாயகத்தைத் தடுக்கவா, மகளைத் தடுக்கவா என்று தெரியாமல் நடுவில் நின்றார். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. பிரிஸில்லா அப்பாவின் முன்னாலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். அவர் வாசித்த அதே ராகத்தில் ஆரம்பித்தாள். 

"ராஜநாயகம், பியாட்ரிஸ் இவர்களின் மகள் பிரிஸில்லாவுக்கும், பெரும்பாக்கம் அம்மாசி, தேவானை இவர்களின் மகன் செம்பியனுக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. சட்டப்படி ஆயிடுச்சு. அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு பொய் சொல்லி வரவழைச்சு இந்தக் கோயிலுக்குப் பின்னாடி வீட்டுல என்னை அடைச்சு வச்சிருக்காங்க. இதுக்குத் தடை சொல்றவங்க யாராவது இருக்கீங்களா?"

குனிந்த தலை ஒன்றும் நிமிரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆஸ்டின் ஆண்கள் வரிசையிலிருந்து ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

"போன் வச்சிருக்கறவங்க யாராவது என் புருஷனைக் கூப்பிடுங்க" என்று கத்திவிட்டு, அவள் செம்பியனின் எண்ணைச் சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொரு எண்ணாக, எல்லாருக்கும் கேட்கும்படி. ஆறாவது எண்ணைச் சொன்னதும் ஆஸ்டின் ஒயரைப் பிடித்து இழுத்தான். குழாய் ஒலிபெருக்கி கிறீச்சிட்டு அடங்கியது. செத்த மைக்கில் மிச்ச எண்களைச் சொல்லி முடித்தாள். அவன் அவள் மணிக்கட்டை முறுக்கினான். ராஜநாயகம் அடுத்த கையைப் பிடித்தார். பீடத்தின் முன்னால், பட்டப்பகலில், இத்தனை பேர் இருக்க, பெற்ற மகளைப் பக்கவாட்டுக் கதவை நோக்கி இழுத்தார்கள். இத்தனை பேர் சட்டைப்பையிலும் கைப்பையிலும் போன் இருந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

பக்கவாட்டுக் கதவு வெளியிலிருந்து திறந்தது. காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னால் கோயில் வாசல் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இன்னும் நாலைந்து பேர், டீக்கடைக்காரரும் சேர்த்து. செருப்பைக் கழற்றத் தோன்றவில்லை யாருக்கும். வாசலில் பைக்கில் இருந்த கூட்டாளிகளைக் காணவில்லை.

"இன்னா சார் இது, பொண்ணு மேல கைய வுடு" என்றார் ஆட்டோக்காரர். ஆஸ்டின் விடவில்லை. பின்னால் வந்தவர்கள் இன்னும் இரண்டு அடி உள்ளே வந்தார்கள். விட்டுவிட்டான். ராஜநாயகத்தின் கையும் நழுவியது. ஆட்டோக்காரர் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. போனைக் கையில் நீட்டிப் பிடித்து, கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு பிரிஸில்லாவிடம் கேட்டார்.

"யம்மா, கடேசி நாலு நம்பர் காதுல வுயல. இன்னொரு தபா சொல்லும்மா."